வலது தோள்ல முந்தானை

இல்ல மேடம், நான் கத்தல. கமெண்ட்டுல எப்படிக் கத்த முடியும்? படிக்கிறவங்களுக்குக் காது வலிச்சா அதுக்கு நான் பொறுப்பில்ல.

"விஷயம் தெரியாம பேசாதே"ன்னீங்க. சரி, தெரிஞ்ச விஷயத்தைப் பேசறேன். நீங்க போட்ட போட்டோவை இன்னொரு தடவை பாருங்க. ஆஸ்பத்திரி வராண்டா. நம்ம ஆள் இல்ல, இந்த நாட்டுக்காரி ஒரு நர்ஸ். யூனிஃபார்ம் மேலயே நீலச் சேலை, கால்ல ஷூ, இடுப்புல துணி காயப்போடுற க்ளிப். முந்தானை வலது தோள்ல.

அதுக்கு மேல நீங்க எழுதினது: "எங்க சேலை உங்களுக்கு மாறுவேஷப் போட்டி இல்ல."

உடனே ஆளாளுக்கு வரிஞ்சு கட்டிட்டு வந்துட்டாங்க. ஒருத்தர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிச்சு புகாரே அனுப்பிட்டாராம். அதைப் பெருமையா இங்க வந்து சொல்றார், நீங்களும் அதுக்கு ஒரு ஹார்ட் போட்டிருக்கீங்க.

மேடம், கோபம் எனக்கும் வரும். "உங்கம்மா ஏன் ஜன்னல் திரையைச் சுத்திக்கிட்டு வர்றாங்க"ன்னு ஸ்கூல்ல கேட்டுச் சிரிச்சவங்க, இன்னைக்கு அதையே பார்ட்டிக்குக் கட்டிட்டுப் போய் லைக் வாங்கினா எனக்கும் பத்திக்கிட்டு வரும். அதுல உங்ககூட எனக்குச் சண்டையே இல்ல. ஆளை மாத்திப் பிடிச்சிருக்கீங்க, அதான் சண்டை.

அந்த வார்டுல ஒரு அம்மா இருக்காங்க. பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துபோச்சு, பேச்சு குழறுது. தினமும் நடக்கணும், இப்ப விட்டா அப்புறம் கால் வரவே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க கட்டிலை விட்டு அசைய மாட்டேன்னுட்டாங்க. முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிற அந்த ஆஸ்பத்திரி கவுனோட நாலு பேர் நடுவுல நடக்கணுமாம். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

கூட இருக்கிற மக பொறந்ததுலேர்ந்து ஜீன்ஸ். அவளும் மல்லுக்கட்டி ஒரு சேலையைச் சுத்திவிட்டா. வராண்டா பாதியிலயே மொத்தமும் அவுந்து கால்ல விழுந்துச்சு. சீக்கு வந்தப்போகூட அழாத அம்மா, அன்னைக்கு அழுதாங்க.

அப்புறம்தான் உங்க நர்ஸ் வந்தா. கட்டில் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து அவ சொன்னதை மகதான் மொழிபெயர்த்தா.

"நீங்க சொல்லுங்க, நான் முதல்ல எனக்குக் கட்டிக்கிறேன். எங்க இறுக்குது, எங்க நழுவுதுன்னு என் உடம்புக்குத் தெரிஞ்சாத்தான் உங்களுக்கு ஒழுங்கா கட்டிவிட முடியும்."

அந்த அம்மாவுக்குப் பேச வரல. நல்லா இருக்கிற வலது கையால தன்னோட இடது தோளைத் தொட்டுக் காட்டினாங்க, முந்தானை இங்கன்னு. எதிர்ல நின்னவ கண்ணாடி பாக்கிற மாதிரி அப்படியே பாத்து, தன் வலது தோள்ல போட்டுக்கிட்டா.

சிரிச்சாங்க மேடம் அந்த அம்மா. பாதி வாயாலதான், ஆனா சத்தமா. "இருக்கட்டும். அவளுக்கு நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. குழறலா வந்தாலும் அது முழு வாக்கியம்.

அந்த க்ளிப்பைக் கிண்டல் பண்ணினீங்கல்ல? அந்த அம்மாவுக்குக் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க ஒரே ஒரு கைதான் இருக்கு, கொசுவத்தை எதால பிடிக்கிறது? ஊக்கு குத்தலாம்னு மக சொன்னா. வேண்டாம், உணர்ச்சி இல்லாத பக்கம், குத்தினா தெரியாதுன்னு நர்ஸ்தான் தடுத்தா. க்ளிப் நிக்குதா, உக்காந்தா உறுத்துதான்னு பாக்க அந்த வராண்டாவுல நடந்தா, குனிஞ்சா, உக்காந்து எழுந்தா. எவனோ அதைத்தான் போட்டோ எடுத்து நெட்ல விட்டான்.

மறுநாள்லேர்ந்து அந்த அம்மா அதே சேலையில, முந்தானை சரியான தோள்ல, கம்பியைப் பிடிச்சு நடந்தாங்க. அதை ஒருத்தரும் போட்டோ எடுக்கல.

இன்னைக்குக் காலையில நர்ஸ் அந்தச் சேலையைத் துவைச்சு மடிச்சுக் கொண்டுவந்து கட்டில்ல வெச்சா. "உங்க ஆளுங்க மனசு புண்பட்டிருச்சாம். எனக்குத் தெரியல, மன்னிச்சிடுங்க. இனிமே நான் சேலையைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க"ன்னா. கண்ணு கலங்கி இருந்துச்சு.

யார் மனசு புண்பட்டுச்சுன்னு அந்த அம்மா கேட்டாங்க. மக வாயைத் திறக்கல.

ஏன் திறக்கலன்னு தெரியணுமா? உங்க பக்கத்தோட முகப்புப் படத்தைப் பாருங்க மேடம். பட்டமளிப்பு அன்னைக்கு உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தங்க நிக்கிறாங்களே, அவங்க கட்டியிருக்கிற நீலச் சேலையைப் பாருங்க. அப்புறம் நர்ஸ் போட்டோவுல, ஓரத்துல பாதி வெட்டுப்பட்ட சக்கர நாற்காலியைப் பெரிசு பண்ணி, அதுல இருக்கிற கையைப் பாருங்க.

அம்மா இன்னைக்கு நடக்கல. திரும்பவும் அந்தக் கவுனோட சுவரைப் பாத்துப் படுத்திருக்காங்க. அந்தப் பதிவை எழுதினது நீதான்னு அம்மாகிட்ட நான் சொல்லல. "சேலையெல்லாம் இப்ப எதுக்குடி, ஒரு நைட்டியை மாட்டிவிடு போதும்"னு நீ போன்ல சொன்னதையும் சொல்லல.

எனக்குத் தனியா போன் பண்ணாதேக்கா, எடுக்க மாட்டேன். நாளைக்குக் காலையில அம்மாவுக்குக் கொசுவம் பிடிக்கப் போறது யாரு? அதை இங்கேயே, இத்தனை பேர் முன்னாடி சொல்லு.