இன்னும் ஒரு தட்டு

"நெறையப் படிக்கணும்னு ஆசை. கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க விடுவீங்களா?"

"அம்புட்டுத்தானா? நகை, காருன்னு கேக்கப் போறியோன்னு பயந்துட்டேன். நீ படிச்சுக்கிட்டே இரு. யாரு வேணாம்னா?"

பேரையூரில் பெண் பார்க்கப் போன அன்று, ஜன்னலோரம் கையில் ஒரு கதைப் புத்தகத்தோடு நின்றிருந்த தாமரைச்செல்விக்கு அழகுபாண்டி கொடுத்த வாக்கு அது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் அவன் அதை மறக்கவில்லை. வீட்டில் சுத்தியலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு அவன் காதுக்குள் கேட்கும்.

இப்போதும் கேட்டது. வாசல் நிலைக்கு மேலே, சுவரின் நீளத்துக்கு ஒரு பலகையை அடித்து முடித்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"தாமரை, இங்க வந்து பாரு. சும்மா கெடந்த எடம். எப்படி?"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்குங்க." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. உள்ளே திரும்பிவிட்டாள்.

இதுதான் அழகுபாண்டிக்குப் புரியவே இல்லை.

காளவாசலில் அவனுக்குப் பிளைவுட் கடை. வெட்டியது போக மிஞ்சும் பலகையெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். மாதாமாதம் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு கட்டுப் புத்தகமும் வரும். முதலில் ஒரு அலமாரி செய்தான். அது நிரம்பியதும் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பெட்டி. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே சாய்வாக ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒன்று. உட்காரும் பலகையைத் தூக்கினால் சோபாவுக்குள்ளும் புத்தகம். பூச்சி அரிக்காமல் இருக்க இடையிடையே காய்ந்த வேப்பிலை.

அவளும் எல்லாவற்றையும் படித்துவிடுவாள். முகம் மட்டும் மலர்வதில்லை. கதை பிடிக்கவில்லையோ என்று சரித்திரம் வாங்கினான். சரித்திரம் பிடிக்கவில்லையோ என்று கவிதை வாங்கினான். எதைக் கேட்டாலும், "எல்லாமே நல்லாத்தான் இருக்கு" என்பாள். பைக்கில் எங்கே கிளம்பினாலும் "பசுமலை வழியாப் போவோமா?" என்று கேட்பாள். அந்த ரோட்டில் மட்டும் அவள் முகம் தெளிந்திருக்கும். மலைக்காற்று பிடிக்கும் போல என்று நினைத்துக்கொள்வான்.

மதியம் அவன் தங்கை நாகஜோதி வந்தாள். வந்ததும் கரண்டி எடுக்க அடுப்படி டிராயரை இழுத்தாள்.

"அண்ணே! கரண்டியக் காணோம், கவிதை இருக்கு!"

"கீழ் டிராயரப் பாரு."

"அதுல பேய்க்கதை. நீ சோறு திங்கிற வீடா இது?" என்றபடி சோபாவில் போய் உட்கார்ந்தாள். "இதுக்குள்ள என்ன?"

"சரித்திரம்."

"ஆத்தீ! ராசா மேலயா உக்காந்திருக்கேன்?" துள்ளி எழுந்தாள். தாமரைச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். நாகஜோதி அவள் பக்கம் திரும்பினாள். "சிரிக்காதீங்க மதினி. நெசத்தச் சொல்லுங்க. நீங்க கேட்டீங்களா, இல்ல இதுவாத்தான் வாங்கிக் குமிக்குதா?"

தாமரைச்செல்வி ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தாள். அழகுபாண்டிதான் முந்திக்கொண்டான்.

"கேட்டாளே! பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே கேட்டா. அவ கேட்டது அது ஒண்ணுதான். அதைக்கூடச் செய்யலைன்னா நான் என்ன புருஷன்?"

டம்ளர் துடைத்த கை நின்றது. தாமரைச்செல்வி அவனையே பார்த்தாள். "அன்னைக்கு நான் கேட்டதுக்காகவா... இதெல்லாம்?"

"பின்ன எதுக்கு?"

சாப்பாடு பரிமாறும்போது ரசத்துக்குப் பதிலாக அவன் இலையில் மோரை ஊற்றினாள்.

நாகஜோதி கிளம்பிப் போனதும் அவன் அவளருகே வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். ஒவ்வொரு தட்டு அடிக்கிறப்பவும் ஒம் மொகம் வாடுது. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். என்னக் கட்டிக்கிட்டதுதான் பிடிக்கலையோ?"

"சேச்சே, என்ன பேச்சு இது!" பதறிப்போனாள். "நான்தாங்க தப்பா நெனச்சுட்டேன். வேணாம்னு வாயால சொல்ல மனசில்லாம, அதுக்குப் பதிலா இதைச் செய்றீங்கன்னு நெனச்சேன். இம்புட்டு ஆசையாச் செய்றவர்கிட்ட மறுபடியும் எப்படிக் கேக்குறது?"

"எதுக்குப் பதிலா எதைச் செஞ்சேன்?" அழகுபாண்டிக்குத் தலை சுற்றியது. நாலு வருஷமாக அடித்த ஆணியெல்லாம் ஒன்றாகக் கழன்று விழுவது போல் இருந்தது. "எனக்கு ஒண்ணும் வெளங்கல தாயி. கடையில இன்னும் ஒரு கட்டு கெடக்கு. அதுக்கு எங்க தட்டு அடிக்கன்னு மட்டும் சொல்லு."

"இனிமே தட்டே வேணாங்க. ஒரு பை போதும்."

"பையா? பையில எம்புட்டுப் புத்தகம் அடங்கும்?"

"ஒரு நாளைக்கு வேண்டியது அடங்கும்." இந்த முறை அவள் நிறுத்தவில்லை. "அன்னைக்கு நான் படிக்கணும்னு கேட்டது கதைப் புத்தகத்த இல்லங்க. பிளஸ் டூவோட நிப்பாட்டிட்டாங்க... என்னப் பசுமலைக் காலேஜுல சேத்து விடுங்க."