காக்கைக்கு வைத்த சோறு

"ஏரியை மூடியாச்சு அங்கிள். இன்னிக்கு யாரும் தண்ணியில இறங்கக் கூடாது."

ஏரிக்குப் பொறுப்பான மாளவிகா, சிவப்புக் கொடியைக் கம்பத்தில் கட்டினாள்.

தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். மகள் வெண்பா நீச்சலுடையில் தயாராக நின்றாள். இன்று அவளுக்கு லைஃப்கார்டு தேர்வு. விட்டால் அடுத்த சம்மர்தான்.

"என்னம்மா விளையாடறியா? போன வாரம் தண்ணி டெஸ்ட்ல எல்லாம் ஓகேன்னு போட்டிருந்தீங்களே!" கணவர் இளமாறன் எகிறினார்.

"அப்ப மழை இல்லையே! முந்தாநாள் கொட்டின மழை, கரையில கிடந்த அசிங்கத்தையெல்லாம் உள்ள அடிச்சிட்டு வந்துடுச்சு. இந்த வெயிலுக்குத் தண்ணியும் வெதுவெதுன்னு இருக்கு. பாக்டீரியா எக்கச்சக்கம்."

"அசிங்கம்னா?"

"நாய், வாத்து போடறதுதான்."

நாய் என்றதுமே இளமாறனின் பார்வை பக்கத்து வீட்டு இனியன் மேல் பாய்ந்தது. அவன் கையில் நாய்ச் சங்கிலி.

"உங்க நாய்தானே? வளர்க்கத் தெரிஞ்சா போதுமா, அள்ளத் தெரிய வேணாமா?"

"தினமும் அள்ளிட்டுத்தான் சார் போறேன்." இனியன் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினான். முகம் சுண்டிப்போயிருந்தது.

"யாருக்குத் தெரியும்? அசோசியேஷன்ல கம்ப்ளெயின்ட் பண்றேன் பாருங்க!"

"நல்லாக் கேளுங்க!" என்றாள் தாமரைச்செல்வி. பெற்றவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு.

அவள் கையில் சோற்று டப்பா சூடாக இருந்தது. மாமனார் காலமானதிலிருந்து காக்கைக்கு வைக்கும் சோறு. வீட்டில் வைத்தால் அணில் தின்றுவிடுகிறதென்று தினமும் காலையில் இளமாறன் ஏரிக்கரைக்குக் கொண்டுவருவார். "காக்கா கூட்டமா வந்து சாப்பிடுது. அப்பாவுக்குத் திருப்தி" என்பார். அமெரிக்காவிலும் இப்படியா என்று அவளுக்கு அத்தனை பெருமை.

மாளவிகா குறுக்கிட்டாள். "நாய் இல்ல அங்கிள், வாத்துதான். ஏப்ரல்ல நாலஞ்சு இருந்துச்சு. யாரோ தினம் தீனி போட்டுப் போட்டு இப்ப ஒரு படையே சேர்ந்துடுச்சு. யாருன்னு தேடிட்டிருக்கோம்."

இளமாறன் சட்டென்று கார்ச் சாவியை எடுத்தார். "சரி சரி, வாங்க போகலாம்."

அதற்குள் புதருக்குள்ளிருந்து வாத்துகள் கிளம்பிவிட்டன. இனியனை, நாயை, மாளவிகாவை எல்லாம் தாண்டி நேரே வந்து இளமாறனைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று உரிமையாக அவர் பேன்ட்டைப் பிடித்து இழுத்தது.

"டாட்... தே நோ யூ!" வெண்பாவின் குரல் உடைந்தது.

தாமரைச்செல்வி அண்ணாந்து பார்த்தாள். மருந்துக்கும் ஒரு காக்கை இல்லை.

இளமாறன் அவள் காதருகே முனகினார். "காக்கா ஒரு நாளும் வரலை செல்வி. இதுங்கதான் வந்துச்சு."