பதினேழாவது கட்டம்

மறுக்கப்பட்டது என்று திரை சொன்னது.

காலையிலிருந்து இது ஐந்தாவது. வரி அலுவலகத்துக்கு என்ன வந்ததோ, இந்த வருடம் தும்மினால்கூடப் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எதிரே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். துணிக்கடையில் வேலை. மடியில் இரண்டு வயது மகள், என் ஸ்டேப்ளரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு வரியில் ஒரு சலுகை உண்டு. அந்தப் பணம் வந்தால்தான் இவள் புது வீட்டுக்கு முன்பணம் கொடுக்க முடியும். மாதக் கடைசிக்குள் இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

என்னை ஆடிட்டரம்மா என்றாள். நான் ஆடிட்டர் இல்லை, படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

காரணத்தைப் படித்துக் காட்டினேன். இந்தக் குழந்தையை ஏற்கெனவே வேறொருவர் தன் கணக்கில் காட்டிவிட்டார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. வேறு யார், பெற்றவன்தான் என்றேன். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது போனவன், அதற்குப் பிறகு முகவரியும் இல்லை, போனும் இல்லை என்றாள். தனக்கு யாருமே இல்லை என்று சொல்லித்தான் அவளோடு வாழ வந்தானாம்.

ஆட்சேப மனு போடலாம். சும்மா போட்டால் வரிசையில் கிடக்கும். அங்கே என் கடிதங்களே எண்பத்தாறு கிடக்கின்றன. எண்பத்தைந்து, வாடிக்கையாளர்களுக்காக எழுதியவை. ஒன்று என் சொந்தக் கடிதம். பதினான்கு மாதமாகிறது. போன் செய்தால், உங்கள் கடிதம் வரிசையில் உள்ளது என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதில்.

புது விதி ஒன்று வந்திருக்கிறது. பொய்யாகக் காட்டியவருடைய வரி எண்ணை முழுதாக எழுதிக் கொடுத்தால் பத்து நாளில் முடித்துவிடுவார்கள். அவருக்கு அபராதமும் விழும். ஆனால் அவர்கள் நமக்குக் காட்டுவது கடைசி நான்கு இலக்கமும் பிறந்த தேதியும்தான்.

"முழு நம்பருக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றாள்.

திரையில் பக்கத்தைக் கீழே நகர்த்தினேன்.

6038.

எனக்கு முகம் நினைவில் நிற்காது, நான்கு இலக்கம் நிற்கும். கடைத்தெருவில் எதிரே வருகிறவரை, என்ன 4471, சௌக்கியமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிடும். தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பத்தாயிரத்தில் ஒருவருக்கு அதே எண் இருக்கும்.

பிறந்த தேதியைப் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது.

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் ஒரே இரைச்சல். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

நான்கு வருடம் முன்பு பக்கத்து மேசையில் வேலை பார்த்தவன். ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் கூடுதலாக வரட்டும் என்று, இல்லாத குழந்தை ஒன்றை இருப்பதாக எழுதிவிட்டான். அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் அவனை நான் கிழித்துத் தோரணம் கட்டினேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே என்றேன். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே எழுந்து போனான். அந்த டப்பா இன்னும் என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது.

அன்று எழுதியது இல்லாத குழந்தை. இது இருக்கிற குழந்தை, என் ஸ்டேப்ளரைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அவனுக்குக் கோபம் வந்தா சாப்பிடாம எழுந்து போயிடுவானா?"

உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

அந்த எண்பத்தாறாவது கடிதத்தில் நான் கேட்டிருந்ததும் ஒன்றுதான். 6038 என்று முடியும் இந்த எண்ணில் இப்போதும் யாராவது ரிட்டர்ன் போடுகிறார்களா? பதினான்கு மாதமாக வராத பதில், இதோ மறுப்பு என்ற பெயரில் என் மேசைக்கு வந்துவிட்டது. அடப்பாவி, உயிரோடுதான் இருக்கிறாய்.

ஆட்சேபப் படிவத்தை எடுத்தேன். அவனுடைய முதல் ரிட்டர்னைப் போட்டதே நான்தான், பத்து இலக்கமும் மனப்பாடம். எழுதாவிட்டால் அவன் தப்பிப்பான், இவள் பிள்ளையோடு தெருவில் நிற்பாள். எழுதினேன். இரண்டாவது தடவையாக அவனை நானே காட்டிக் கொடுத்தேன்.

கடைசியில் பதினேழாவது கட்டம். இதுவும் இந்த வருடம் புதிதாக வந்ததுதான். மனுவைத் தயாரிப்பவர் குழந்தைக்கு உறவினரா, ஆம் எனில் என்ன உறவு? இந்த வருடம் முழுக்கப் பார்க்காமலே 'இல்லை', 'இல்லை' என்று எழுதித் தள்ளிய கட்டம்.

அந்தப் பெண் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அப்பாவின் அம்மா' என்று எழுதி, கையெழுத்துப் போடுவதற்காகப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.