வெள்ளிக்கிழமைக்குள் வளர வேண்டிய முடி

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடி வளர்ந்துடுமா டாக்டரம்மா?"

கால்நடை மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவருடைய முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மேஜைமேல் நின்ற கிரேஹவுண்ட் நாயின் பின்தொடைகள் இரண்டும் சவரம் செய்ததுபோல் மழமழவென்று இருந்தன. அடிவயிற்றிலும் முடி இல்லை. முதுகும் கழுத்தும் மட்டும் சாம்பல் நிறத்தில் பளபளத்தன.

"சொறியுதா? கடிச்சுக்குதா?"

"ரெண்டும் இல்லம்மா."

"அப்போ கவலையை விடுங்க. ரத்தப் பரிசோதனையும் சுத்தமா இருக்கு. இந்த ஜாதியில நிறைய நாய்க்குத் தொடை இப்படித்தான் இருக்கும். வியாதி கிடையாது. சிலதுக்கு மாசக்கணக்குல மெல்ல வளரும். சிலதுக்கு வளரவே வளராது."

"வளரவே வளராதா?"

நாயைக் கொண்டுவந்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சோபா தைப்பது அவர் தொழில். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு வாரமா எண்ணெய் தேய்க்கிறேன், முட்டை கொடுக்கிறேன், மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கிறேன். என் தலை வழுக்கையானப்போகூட நான் இப்படி அலையலம்மா."

"எண்ணெயை முதல்ல நிறுத்துங்க. அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாம். ரப்பர் கையுறை போட்டு மெதுவா நீவிவிட்டாப் போதும். எலும்பும் தோலுமான உடம்பு, வெறுந்தரையில படுக்க விடாதீங்க. ஆமா, இதுவரைக்கும் யார்கிட்ட காட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"வீட்டுக்குப் பக்கத்துல ஒரு டாக்டர்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட போகலம்மா." நாயின் கழுத்துப்பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னார்.

மருத்துவர் கேட்காமலே அவரே தொடங்கினார்.

"என் சம்சாரம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றா. ரெண்டு கண்ணும் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. அச்சகத்துல பிழை திருத்திக்கிட்டு இருந்தவம்மா அவ. ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடக் கண்டுபிடிச்சிடுவா." நாயின் முன்னங்காலைத் தடவினார். "நீளக் கால் இருக்குன்னு நாய்க்குக் கொக்குன்னு பேர் வச்சதும் அவதான். 'எனக்குக் கொக்கு இருந்தாப் போதும், அவ கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்து பழகிப்பேன்'னு தினமும் போன்ல சொல்றா. வந்ததும் தடவிப் பார்ப்பா. தொடைக்குக் கை போனா..."

"போனா என்னங்க? முடி போனாப் போகட்டும். நாய் அதே நாய்தானே?"

அவர் எழுந்து நாயை இறக்கி அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்த வாரம் முழுக்க, விடிந்ததும் நாயை ஜன்னலோரம் நிறுத்தி, மனைவி அச்சுப்பிழை பார்க்கும் பூதக்கண்ணாடியால் தொடையை ஆராய்ந்தார். ஒரு முடிகூட முளைக்கவில்லை. மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை போனை எடுத்தார். இரண்டு தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து அவள்தான் முந்திக்கொண்டாள்: "கொக்கு சாப்பிட்டாளாங்க?"

"சாப்பிட்டா."

அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

கடைசியில் சோபாவுக்கு வெட்டியதில் மிஞ்சிய வெல்வெட்டை எடுத்து, பின்தொடைவரை மூடும்படி நாய்க்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். நாற்காலியைத் தடவி உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "கொக்கு!" என்று கூப்பிட்டாள்.

நாய் அவரைப் பார்த்தது. அவர் அதன் முதுகில் கைவைத்து மெதுவாக முன்னால் தள்ளினார். அது போய் அவள் முழங்கால்மேல் முகவாயை வைத்தது.

அவள் கைகள் மூக்கிலிருந்து தொடங்கின. காது, கழுத்து, விலா என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"சட்டை எதுக்குங்க?"

"குளிருக்கு..."

"வெயில் மண்டையைப் பிளக்குது. குளிருக்காம்!"

கை சட்டைக்குள் நுழைந்தது. தொடைக்கு வந்ததும் நின்றது.

"முடி கொட்டிடுச்சு," என்றார் அவர் அவசரமாக. "நீ இல்லாத ஏக்கம்தான். டாக்டரம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. இந்த ஜாதிக்கு இது சகஜமாம். வளர்ந்துடும்."

அவள் முடியில்லாத இடத்தைத் திரும்பத் திரும்ப நீவினாள். நாய் தன் முழுப் பாரத்தையும் அவள்மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. பார்வை போன அவள் கண்களிலிருந்து நீர் வழிந்து தாடைவரை வந்தது. துடைக்கக்கூட இல்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், ரொம்ப சாது," என்றாள் கடைசியில். "இவ இங்கேயே இருக்கட்டும்."

பிறகு காற்றில் துழாவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. நம்ம கொக்கை எங்கே புதைச்சீங்க?"