தாழ்ப்பாளுக்கு வெளியே

சமையலறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கீழ் இடுக்கு வழியாக கேஸ் வாடை வந்துகொண்டிருந்தது.

"அத்தே, கதவத் தொறங்க. அடுப்பத் திருகி விட்டுட்டீங்க. தீப்பெட்டியத் தொட்டுறாதீங்க."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அத்தைக்குத் தமிழ் போய் ஆறு மாதமாகிறது. அறுபது வருஷம் மதுரைக் காய்கறிக்காரிகளிடம் பேரம் பேசி ஜெயித்த வாய் அது. மறதி நோய் முற்றும்போது பின்னால் படித்த பாஷைதான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார். இப்போது மிச்சமிருப்பது அவர்கள் வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிரம்தான்.

அது எனக்குப் புரியாது என்றுதான் பதினாறு வருஷமாக இந்தத் திருநகர் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஹரிராம் கப்பலூரில் வேலையில் இருந்தார். போன் போட்டாலும் வந்து சேர அரை மணி நேரமாகும். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. கடப்பாரையால் நெம்பலாம் என்றால் பயமாக இருந்தது. ஒரு பொறி பறந்தால் போதும்.

மறுபடி கத்தினேன்.

உள்ளே அத்தை தன் பாஷையில் முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. இன்றைக்கு அவருடைய புருஷனுக்குத் திவசமாம். மடியாகச் சமைக்கிறாராம். மருமகள் உள்ளே வந்துவிடக் கூடாதாம்.

திவசம் போன மாதமே முடிந்துவிட்டது. மாமா போன புதிதில் திவசத்தன்று இப்படித்தான் தாழ் போட்டுக்கொள்வார். செக்கானூரணிப் பக்கம் களையெடுத்துத் திரிந்த வேற்றுச் சாதிக்காரி கை பட்டால் மாமாவுக்குப் போய்ச் சேராதாம். அந்த மனுஷன் இருந்தவரை என் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். செத்த பிறகு மட்டும் ஆகாமல் போய்விட்டது.

ஆக, நான் தமிழில் கத்தக் கத்த அந்தக் கதவு திறக்கப் போவதில்லை.

புது பாஷையில் வசவுதான் முதலில் விளங்கும். எனக்கு அப்படித்தான் விளங்கியது. அத்தை ஏதாவது சொல்ல, நாத்தனார் சிரிக்க, இவரிடம் என்னவென்று கேட்பேன். "ஒன் கொழம்பு நல்லாருக்காம்" என்பார். எனக்கு உள்ளுக்குள் பற்றி எரியும். சிரித்துக்கொண்டே பரிமாறுவேன். காதல் கல்யாணம் பண்ணி வந்தவளை எங்கள் அய்யா முத்திருளன் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சண்டை போட்டுவிட்டு நான் எங்கே போவது?

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு அத்தை என் எதிரில் தன் பாஷையில் பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். திட்டக்கூட லாயக்கில்லாதவள் ஆகிவிட்டேனா என்று அதற்கும் சேர்த்து வெறுத்தேன்.

உள்ளே தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது.

பொய் சொல்வானேன். ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பேசிவிட்டால், அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டே இங்கே சோறு தின்றவள் என்று ஆகிவிடும். புரியாதவள் என்ற பெயர்தான் எனக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்த மானம்.

குச்சியை உரசும் சத்தம் கேட்டது. பற்றவில்லை. மடிச்சேலையின் ஈரம் கையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குச்சிக்காகப் பெட்டி மறுபடி குலுங்கியது.

"அக்கா, நான்தான். பரமக்குடியில இருந்து வாரேன்" என்றேன், அவர்கள் பாஷையில். பதினாறு வருஷத்தில் முதல் முறையாக அது என் வாயிலிருந்து வந்தது. "குளிச்சிட்டு ஈரச்சேலையோடதான் நிக்கிறேன். குச்சியக் கீழ போட்டுட்டுக் கதவத் தொற."

அத்தையின் பரமக்குடித் தங்கை செத்து நாலு வருஷமாகிறது.

காலடிச் சத்தம் கதவுப் பக்கம் வந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

பாய்ந்து போய் சிலிண்டரை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன்.

அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்தார். யாரைக் கண்டாரோ, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மெதுவாப் பேசுடி. வெளிய அவ இருக்கா. அவளுக்கு நம்ம பேச்சு புரியும்."

இன்னும் நெருங்கி வந்து கிசுகிசுத்தார்.

"யாருக்கும் தெரியாது. ஹரிக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சேன். அவளுக்கு மொத கரு கலைஞ்சுச்சுல்ல, நல்லதாப் போச்சுன்னு ஒங்கிட்டச் சொன்னேனே. வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தா. மொகம் செத்துப்போச்சு. அன்னைக்கு மூடினதுதான் இந்த வாய். அவ முன்னால அப்புறம் பேசவே முடியல."

கேஸ் வாடை இன்னும் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குழந்தைக்கு நான் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"எந்த மொகத்தோட நான் போய்க் கேப்பேன்? நீ கேளு. என்னைய மன்னிப்பாளான்னு கேட்டுட்டு வா."

"கேக்குறேன் அக்கா" என்றேன்.

"இப்பவே போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

கூடத்துக்கு வந்தேன். அங்கே யாருமில்லை. அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன். அது எனக்கு நன்றாகப் பழகிய வேலைதான்.

உள்ளேயிருந்து அத்தை தணிந்த குரலில் கேட்டார்:

"என்னடி சொன்னா?"