ஒரு நூல் இழுப்பு

“அப்படின்னா அந்த ஆட்டத்துல நான் சுட்டது எது, நீ சுட்டது எது?”

“நான் எங்கக்கா சுட்டேன்? எல்லாம் நீதான் சுட்டே. நான் கம்ப்யூட்டர்ல போட்டது குறியை எதிராளி பக்கமா ஒரு நூல் இழுத்துவிடும். அவ்வளவுதான்.”

தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னான்.

சிரிப்பதா, கையிலிருந்த ஹெட்போனால் அவன் தலையில் ஒன்று போடுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் அவள் பெயர் கொசு. வருவது தெரியாது, கடித்த பிறகுதான் தெரியும். போன மாதம் ஓர் ஆட்டத்தில் கூட்டாளிகள் எல்லாரும் செத்து விழ, தனியாளாக நின்று எதிரணி மொத்தத்தையும் சாய்த்தாள். அதைப் பார்த்துத்தான் பெரிய அணி ஒன்று அவளைக் கூப்பிட்டது. அதைப் பார்த்துத்தான் தோற்றவர்கள், ‘இவள் ஹேக் போட்டு, திருட்டு மென்பொருள் வைத்து ஆடுகிறாள்’ என்று புகார் கொடுத்தார்கள்.

இன்று சாயங்காலம் அணியின் கூடத்தில், அவர்களுடைய கணினியில், அவர்கள் கண்ணெதிரே ஆடிக் காட்ட வேண்டும். நன்றாக ஆடினால் அணியில் இடம். சொதப்பினால் கொசுவை இனி யாரும் எந்த ஆட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

கிளம்பும்போது ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள்: நம்ம கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் இல்லைதானே? தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பாள். அவன் மேசை விளிம்பைத் தடவினான். பிறகு உண்மையைச் சொன்னான்.

வரிசையாகத் தோற்றுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்த நாட்களில், பாவமாக இருந்ததாம். கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு பென் டிரைவைச் சொருகிவைத்தானாம். அது அங்கே இருக்கும்வரை இழுக்கும். கொஞ்ச நாளில் பயம் வந்து எடுத்துவிட்டானாம்.

“எப்போ எடுத்தே? அந்த ஆட்டத்துக்கு முன்னாடியா, அப்புறமா?”

“கம்ப்யூட்டர் உள்ளே ஃபேன் மாத்தினேன்ல, அப்போ.”

“ஃபேன் எப்போ மாத்தினே?”

தம்பி விரல்களை மடக்கினான். நீட்டினான். மறுபடி மடக்கினான்.

“சத்தியமா ஞாபகம் இல்லக்கா.”

அக்கா அந்த ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். புகைக்குள்ளிருந்து கடைசி ஆள் வந்தபோது கை தானாக நகர்ந்ததா, நகர்த்தப்பட்டதா? யோசிக்க யோசிக்க, அந்தக் கை எதிர்வீட்டுக்காரியின் கைபோல ஆகிக்கொண்டே போனது.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் சோதிப்பவள். ‘இதுல தெளிவா, அதுல தெளிவா?’ என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பதுதான் பிழைப்பு. சிலசமயம் எடுத்த லென்ஸையே திரும்பப் போட்டுவிட்டுக் கேட்பாள். ‘ஆங், இப்பத்தான் பளிச்சுனு இருக்கு’ என்பார்கள், பெரிய பெரிய ஆட்களெல்லாம். அதை வீட்டில் நடித்துக்காட்டிச் சிரிப்பது அவளுக்கு வழக்கம்.

அந்தத் தொழில் புத்திதான் இப்போது எட்டிப் பார்த்தது.

“பயிற்சி ஆட்டத்தைத் திற. முதல்ல அது இல்லாம ஆடுறேன். அப்புறம் நீ போடு. வித்தியாசம் என் கைக்குத் தெரியாமப் போயிடுமா?”

திரையில் சுவர்களுக்குப் பின்னாலிருந்து பொம்மைகள் தலை நீட்டின. பாதிக்கு மேல் தவறவிட்டாள். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. ஒரு பொம்மை அவளைப் பார்த்து நின்றுவிட்டு, நிதானமாகத் திரும்பிப் போனது.

“சரி, போடு.”

தம்பி அலமாரியிலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தான். பின்பக்கம் ஏதோ உரசியது. ஏதோ ‘டொக்’கென்றது.

அவள் ஆரம்பித்தாள்.

முதல் பொம்மை விழுந்தது. அடுத்ததும். அதற்கடுத்தது தலை நீட்டுவதற்குள் விழுந்தது. அப்போது உணர்ந்தாள். கடைத்தெருவில் குழந்தை ஒன்று சட்டைக்கையைப் பிடித்து இழுப்பதுபோல, மணிக்கட்டில், மிக மெல்ல. ஒரு நூல். அவன் சொன்னது சரிதான்.

ஒன்றுகூடத் தவறவில்லை.

“தெரியுதுடா! நல்லாத் தெரியுது!” அவள் மேசையைத் தட்டினாள். “அந்த ஆட்டத்துல இப்படி இல்லவே இல்ல. அது என் கை. முழுக்க முழுக்க என் கை!”

மேசைக்கடியிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

“இருக்கா, அவசரப்படாதே. பென் டிரைவ் கைதவறி ஒயருக்குள்ள விழுந்துடுச்சு. இன்னும் சொருகவே இல்ல.”

திரையில் பொம்மைகள் விழுந்தபடியே கிடந்தன.

அக்கா தன் கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கடையில் நாள் முழுக்கக் கேட்கும் கேள்விதான் நாக்கில் வந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழுங்கினாள்.

தலையெல்லாம் ஒட்டடையோடு தம்பி வெளியே வந்தான்.

“கிடைச்சிடுச்சு. இப்போ சொருகவா, வேணாமா?”

அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றொன்றைக் காலால் தேடியபடி நின்றாள்.

“நீயும் கூட வாடா.”

“என்னை உள்ளே விடமாட்டாங்களேக்கா.”

“வாசல் வரைக்கும் வந்தாப் போதும். நான் உள்ளே போறப்போ, அந்தக் கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறியா?”