வலது லீவர்

தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் விமானத்தின் இடது எஞ்சின் நின்றுபோனது. கேப்டன் வரதராஜன் பதறவில்லை. விமானத்தை நேராகப் பிடித்து நானூறு அடி ஏற்றினார். பிறகு, பழுதான எஞ்சினை அணைப்பதாக நினைத்து வலது லீவரின் மேல் கையை வைத்தார். அதை இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே எஞ்சினும் போய்விடும்.

ஒருவர் கைவைத்தால் மற்றவர் பார்த்து "சரி" சொன்ன பிறகே இழுக்க வேண்டும் என்பது விதி. அவரோடு பறக்கும் துணை விமானிகள் பார்க்காமலே சரி சொல்லிப் பழகியிருந்தார்கள். இன்று பக்கத்து சீட்டில் இருந்த பொன்னரசி மட்டும் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அவர் எழுதிக்கொடுத்ததில் போன மாதம் பதினைந்து நாள் சஸ்பெண்ட் ஆகியிருந்தாள்.

"சரி சொல்லும்மா."

"இல்ல சார். நின்னது இடது."

"எனக்கே பாடம் எடுக்காத. இருபது வருஷமா இதே சீட்ல உக்காந்திருக்கேன். சொல்லு."

அவர் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"நின்ன எஞ்சின் பக்கம்தான் விமானம் திரும்பும். வலது காலால பெடல மிதிச்சுத்தானே சார் நேரா புடிச்சிருக்கீங்க? இடது எஞ்சின் ஓடுனா அந்தக் காலுக்கு என்ன வேலை?"

வரதராஜன் குனிந்து தன் காலைப் பார்த்தார். லீவரிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.